பழைய பிரிட்டிஷ் படங்கள், தொடர்கள்: அமெரிக்காவில் இருந்துகொண்டு பார்க்க எந்த வழி தேவலை?

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் சிலர் ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். 1940, 50களின் பிரிட்டிஷ் படமோ 70களின் பிபிசி தொடரோ தேடுகிறார்கள். இங்கே டிஸ்க் வெளியாகவே இல்லை. அல்லது எப்போதோ வந்து தீர்ந்துபோய், இப்போது செகண்ட் ஹேண்டில் வாய்க்கு வந்த விலை சொல்கிறார்கள். லண்டனிலிருந்து வரவழைக்கலாமா, மாதச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்கில் பார்க்கலாமா, இங்கே வெளியாகும் வரை பொறுத்திருக்கலாமா?

பெரும்பாலானோர் முதலில் வழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அப்புறம் அதில் என்ன கிடைக்கிறது என்று பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்வதுதான் லாபம். பார்க்க வேண்டும் என்று மனதில் இருக்கும் 20, 30 தலைப்புகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் சினிமா அதிகமா, டிவி தொடர் அதிகமா என்பதிலேயே பாதி முடிவு வந்துவிடும்.

## ஏன் கிடைப்பதில்லை

படத்தின் உரிமை ஓரிடத்தில், அதை அமெரிக்காவில் விற்கும் உரிமை இன்னோரிடத்தில். சிக்கல் இதுதான். ஈலிங் ஸ்டுடியோ படங்களும் பிரிட்டிஷ் லயன் படங்களும் பல கை மாறி இன்று பிரான்ஸின் ஸ்டுடியோகனால் வசம் இருக்கின்றன. ரேங்க் நிறுவனத்தின் படங்களும் தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டாவின் பல படங்களும் பிரிட்டிஷ் டிவி நிறுவனமான ஐடிவியிடம். அமெரிக்க நிறுவனங்கள் இவர்களிடம் சில ஆண்டுகளுக்கு உரிமம் வாங்கி டிஸ்க் போடுகின்றன. உரிமம் முடிந்தால் டிஸ்க் அச்சில் இருக்காது. இயக்குநர் கேரல் ரீடின் 'தி தேர்ட் மேன்' (1949) நல்ல உதாரணம். பழைய படங்களை டிஸ்க்காகப் போடும் அமெரிக்க நிறுவனமான க்ரைடீரியன் அதை அருமையான ப்ளூரேவாக 2008-ல் கொண்டுவந்தது. ஸ்டுடியோகனால் உரிமம் கைமாறியதும் 2010-ல் அது கடைகளை விட்டுப் போனது. அதன் பிறகு பழைய பிரதிக்குச் சொல்லப்பட்ட விலையைக் கேட்டால் படத்தில் வரும் கள்ளச்சந்தைக்காரன் ஹாரி லைமே வெட்கப்படுவான்.

டிவி கதை இன்னும் மோசம். நடிகர்களுக்கான மறு ஒளிபரப்புத் தொகை, பின்னணியில் ஓடிய பாட்டுகளின் உரிமை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும். அதோடு, 60களிலும் 70களிலும் பிபிசி தன் டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 'டாக்டர் ஹூ'வின் முதல் ஆறு ஆண்டுகளில் வந்த 253 பகுதிகளில் 90-க்கும் மேற்பட்டவை இன்றும் இல்லை. 2013-ல் நைஜீரியாவில் ஒரு நிலையத்தில் ஒன்பது பகுதிகள் கிடைத்தன. அப்படி அழிந்துபோனதை எந்தச் சந்தாவும் கொண்டுவராது, பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

கிடைக்குமா. உங்கள் பட்டியலில் எத்தனை தலைப்பு இந்த வழியில் வரும் என்பது.

எந்தப் பதிப்பு. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, ஏமாறுவதும் இதில்தான். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படங்களை அமெரிக்காவுக்கு அனுப்பும்போது தாராளமாக வெட்டினார்கள், பெயரையும் மாற்றினார்கள். 'தி தேர்ட் மேன்' பிரிட்டனில் 104 நிமிடம், அமெரிக்காவில் 93. தொடக்கக் குரல்கூட வேறு, அங்கே ரீடின் குரல், இங்கே நடிகர் ஜோசஃப் காட்டனின் குரல். 'நைட் ஆஃப் த டீமன்' (1957) இங்கே 'கர்ஸ் ஆஃப் த டீமன்' ஆனது, 10 நிமிடத்துக்கு மேல் காணாமல் போனது. எதிர்ப்பக்கமும் உண்டு. விலங்குகளைத் துன்புறுத்தும் காட்சிகளைத் தடைசெய்யும் 1937-ஆம் ஆண்டு சட்டம் பிரிட்டனில் இன்னும் நடப்பில் இருப்பதால், சில படங்களில் பிரிட்டிஷ் டிஸ்க்தான் வெட்டுப்பட்டிருக்கும்.

படமும் வேகமும். பிரிட்டனில் டிவிக்கும் டிவிடிக்கும் பேல் முறை, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்கா என்டிஎஸ்சி. சினிமா 24 ஃபிரேமில் எடுக்கப்பட்டது. ஆகவே பிரிட்டிஷ் டிவிடியில் சினிமா சுமார் 4 சதவீதம் வேகமாக ஓடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் சற்று மேலே ஏறியிருக்கும். பலருக்கு இது தெரியவே தெரியாது. இசை தெரிந்தவர்களுக்கு உறுத்தும்.

சப்டைட்டில். கிளாஸ்கோ, நியூகாசில் பேச்செல்லாம் அமெரிக்கர்களுக்கே புரியாது, நமக்கு என்ன வெட்கம்.

மொத்தச் செலவு. டிஸ்க் விலை மட்டும் அல்ல. தபால், சுங்கம், பிளேயர், சந்தா எல்லாம் சேர்த்து.

நாளைக்கும் இருக்குமா.

## வழி 1: இங்கே வெளியான டிஸ்க்

பெரிய பெயர்கள் அத்தனையும் ஏறக்குறைய இங்கே கிடைக்கின்றன. பவல், பிரஸ்பர்கர் இரட்டையரின் 'தி ரெட் ஷூஸ்', 'பிளாக் நார்சிஸஸ்', 'கர்னல் பிளிம்ப்', டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுண்டர்' எல்லாம் க்ரைடீரியனில் உண்டு. ஸ்டுடியோகனாலின் பல படங்களைக் கினோ லோர்பர் போடுகிறது. பட்டியலில் இந்த வகைதான் அதிகம் என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். க்ரைடீரியன் ப்ளூரேயின் அச்சிட்ட விலை 39.95 டாலர். ஆனால் ஜூலையிலும் நவம்பரிலும் பார்ன்ஸ் அண்ட் நோபிளில் பாதி விலைக்கு வரும். அவசரம் இல்லாதவர்கள் அதற்காகக் காத்திருப்பார்கள், நானும் அந்த ஜாதிதான்.

இரண்டாம் வரிசைக்கு வரும்போது கை காய்ந்துவிடும். பேசில் டியர்டன் படங்கள் நான்கு, கெய்ன்ஸ்பரோ மெலோடிராமாக்கள் மூன்று என்று க்ரைடீரியன் தன் எக்லிப்ஸ் வரிசையில் போட்டது. அவை வெறும் டிவிடி, உபரிச் சமாச்சாரம் எதுவும் இல்லை. அதற்குக் கீழே போனால் வெறுமைதான். கென் ரஸலின் 'தி டெவில்ஸ்' (1971) 2012-ல் பிரிட்டனில் பிஎஃப்ஐ (பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட்) டிவிடியாக வந்தபோதும் அமெரிக்க டிஸ்க் வரவில்லை. வாங்கும் இடமும் சுருங்குகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2023 செப்டம்பர் 29-ஆம் தேதியோடு டிஸ்க் அனுப்புவதை நிறுத்தியது. பெஸ்ட் பை 2024-ல் டிஸ்க் விற்பதையே விட்டது.

டிவி தொடரில் இந்த வழிக்கு மறைமுகச் செலவு அதிகம். ஜான் லெ கார்ரேயின் 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' (1979) பிபிசியில் ஏழு பகுதிகளாக வந்தது. அமெரிக்க ஒளிபரப்புக்காகக் காட்சிகளைக் குறுக்கி, வரிசையையும் மாற்றி, ஆறு பகுதிகளாக ஆக்கினார்கள். இங்கே விற்கும் டிஸ்க்கில் இருப்பது அந்த ஆறு பகுதிப் பதிப்பு. யார் எப்போது எதைத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதே கதையாக இருக்கும் தொடரில் காட்சி வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உறையின் பின்பக்கத்தில் "6 பகுதிகள்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். பிரிட்டிஷ் டிவிடியில் 7. விலையை ஒப்பிடும் முன் இந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

படத் தரத்திலும் சங்கடம் உண்டு. அந்தக் காலத்து பிபிசி நாடகத்தில் வீட்டுக்குள் நடப்பதை ஸ்டுடியோவில் வீடியோ டேப்பிலும், வெளியே நடப்பதை 16 எம்எம் ஃபிலிமிலும் எடுப்பார்கள். ஆள் கதவைத் திறந்து தெருவில் இறங்கியதும் படத்தின் தோற்றமே மாறும். டேப்பில் எடுத்த பகுதிக்கு நொடிக்கு 50 முறை புதுப்பிக்கும் அசைவு உண்டு. அதை என்டிஎஸ்சிக்கு மாற்றும்போது அந்த வழவழப்பு போய், கை வீசினால் பின்னால் லேசான நிழல் விழுகிறது. 2000-ஐ ஒட்டி வந்த அமெரிக்க டிவிடிகளில் இது கண்கூடு. மேலும் அவற்றில் பலவற்றில் சப்டைட்டில் இல்லை, டிவி சிக்னலுக்குள் ஒளிந்துவரும் க்ளோஸ்ட் கேப்ஷன் மட்டுமே. அந்தக் கேப்ஷன் ஹெச்டிஎம்ஐ வயர் வழியாக வராது. பழைய டிவியில் தெரிந்த எழுத்து புது டிவியில் தெரியாததற்கு இதுதான் காரணம். டிவியைக் குறை சொல்ல வேண்டாம்.

## வழி 2: பிரிட்டனிலிருந்து வரவழைப்பது

கிடைக்கும் அளவில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. பிஎஃப்ஐ 2009-ல் தொடங்கிய ஃபிளிப்சைட் வரிசை, பிபிசியின் ஒற்றை நாடக வரிசையான 'ப்ளே ஃபார் டுடே'விலிருந்து 2020 முதல் ப்ளூரேவாகக் கொண்டுவரும் தொகுப்புகள், ஸ்டுடியோகனாலின் விண்டேஜ் கிளாசிக்ஸ் என்று அள்ள அள்ள வரும். மேலே சொன்ன 'நைட் ஆஃப் த டீமன்' படத்தின் நீண்ட, குறுகிய பதிப்புகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் 2018-ல் பிரிட்டிஷ் டிஸ்க் நிறுவனமான இண்டிகேட்டர் போட்டது. இந்த மாதிரி வேலைக்காகவே வரவழைக்கலாம்.

தடை ரீஜன் பூட்டு: உலகை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிஸ்க் இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாதபடி செய்திருக்கிறார்கள். டிவிடியில் அமெரிக்கா 1, பிரிட்டன் 2. ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி. 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு கிடையாது. 2020-ல் பிரிட்டனில் 4கேயில் வந்த 'தி லேடிகில்லர்ஸ்' போன்றவை இங்கே வாங்கிய சாதாரண 4கே பிளேயரிலேயே ஓடும். அதே பெட்டியில் இருக்கும் ப்ளூரே மட்டும் ரீஜன் பி ஆக இருக்கலாம், உபரிப் பேட்டிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும்.

மற்றவற்றுக்கு மல்டி ரீஜன் பிளேயர் வேண்டும். மலிவான டிவிடி பிளேயர்கள் பலவற்றை ரிமோட்டில் ஒரு குறியீட்டை அழுத்தியே திறந்துவிடலாம். ப்ளூரேக்கு அது போதாது, உள்ளே மாற்றம் செய்து விற்கும் கடைகளிடம்தான் வாங்க வேண்டும். விலை 150 முதல் 300 டாலர் வரை போகும். வாங்கும்போது கேட்க வேண்டியவை மூன்று. பேல் படத்தை என்டிஎஸ்சியாக மாற்றித் தருமா? 50 ஹெர்ட்ஸ் ப்ளூரேயைக் கையாளுமா? பழுதானால் யார் பொறுப்பு? மாற்றம் செய்த பிளேயருக்குத் தயாரித்த நிறுவனத்தின் வாரண்டி நிற்காது. கணினி டிவிடி டிரைவில் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் கவனிக்க: ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்தது அப்படியே நிலைத்துவிடும். இந்தியக் கடையில் தமிழ்ப்பட டிவிடி வாங்கிய காலத்து பிளேயர் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அந்த டிவிடிகள் பெரும்பாலும் எல்லா ரீஜனிலும் ஓடும்படி செய்தவை, ஆகவே அவை ஓடியதை வைத்து பிளேயர் திறந்தது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தால் குறியீடு கிடைக்கலாம்.

இனி சுங்கம். 800 டாலருக்குள் வரும் பார்சலுக்கு இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுக்கப்பட்டுவிட்டது. படம், டேப், காம்பாக்ட் டிஸ்க் முதலியவற்றைத் தகவல் சாதனம் என்று அமெரிக்கச் சட்டம் தனியாகப் பார்க்கிறது. ஆனால் நடைமுறையில் கூரியர்காரர் கையாளும் கட்டணம் என்று ஒன்றைப் போட்டால் அந்தச் சட்டப் பாயின்டை வாசலில் நின்று வாதாட முடியாது. ஆர்டர் போடும் முன், வரியோடு சேர்த்து வாங்குகிறார்களா என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு சின்ன ஆறுதல், ஏற்றுமதிக்குப் பிரிட்டனின் 20 சதவீத வாட் வரி கிடையாது. சில கடைகள் அதைக் கழித்தே பில் போடும், சில கழிக்காது. ஒற்றை டிஸ்க்காக வரவழைத்தால் தபால் செலவு விழுங்கிவிடும். ஐந்தாறு சேர்த்து ஒரே பார்சலாக வாங்குவதே கட்டுப்படியாகும்.

தள்ளிப்போடுவதற்கும் விலை உண்டு. ஐடிவி தொடர்களையும் அபூர்வமான ஈலிங் படங்களையும் அள்ளிப் போட்ட நெட்வொர்க் நிறுவனம் 2023 மே மாதம் மூடப்பட்டது. வேறெங்கும் வராத பல தலைப்புகள் ஒரே நாளில் அச்சிலிருந்து போயின. அதன் டிஸ்க்குகளை இன்று செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும், அவற்றில் பலவற்றில் சப்டைட்டிலே கிடையாது.

## வழி 3: ஸ்ட்ரீமிங்

பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து 2017-ல் அமெரிக்காவில் தொடங்கிய பிரிட்பாக்ஸ், 2024-ல் முழுக்க பிபிசி கைக்குப் போனது. ஏகார்ன் டிவி ஏஎம்சி நெட்வொர்க்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. சினிமாவுக்கு க்ரைடீரியன் சானல். ஒவ்வொன்றும் மாதம் 10 டாலரை ஒட்டி. துப்பறியும் தொடர், குடும்ப நகைச்சுவை என்று சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் பார்ப்பவர்களுக்கு இதைவிடச் சுலபம் இல்லை. சப்டைட்டிலும் பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும்.

பழைய சரக்கு அங்கே குறைவு என்பதுதான் குறை. புதுத் தொடர்கள்தான் முன்னால் நிற்கும், 60களின் ஒற்றை நாடகங்களைத் தேடினால் கிடைக்காது. இருப்பதும் நிரந்தரம் இல்லை. பழைய படங்களுக்காகவே இருந்த ஃபிலிம்ஸ்ட்ரக் 2018 நவம்பரில் மூடப்பட்டபோது சந்தாதாரர்கள் மனுப் போட்டும் நடக்கவில்லை. அதன் இடத்தில்தான் க்ரைடீரியன் சானல் 2019 ஏப்ரலில் வந்தது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கான பிஎஃப்ஐ பிளேயரையும் டாக்கிங் பிக்சர்ஸ் டிவியையும் விபிஎன் போட்டுப் பார்க்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. விதிமுறைக்கு மாறானது, எந்த மாதம் அடைபடும் என்றும் சொல்ல முடியாது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

## வழி 4: நூலகம், செகண்ட் ஹேண்ட், மலிவுத் தொகுப்பு

நூலகத்தை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்கள், சில இடங்களில் டிஸ்க்குக்கு அந்த வசதி கிடையாது, கேட்டுப் பாருங்கள். உங்கள் நூலகம் சேர்ந்திருந்தால், அட்டையை வைத்து கனோபி, ஹூப்லா என்னும் ஸ்ட்ரீமிங் சேவைகளை இலவசமாகப் பார்க்கலாம். அச்சில் இல்லாத அமெரிக்க டிவிடிக்கு 80 டாலர் கொடுக்கும் முன் இங்கே தேடுவது நல்லது.

"50 படங்கள் 15 டாலர்" தொகுப்புகளைத் தொட வேண்டாம். ஹிட்ச்காக்கின் பிரிட்டிஷ் காலப் படங்களும் 'தி தேர்ட் மேன்' படமும் ஒரு காலத்தில் அமெரிக்காவில் பதிப்புரிமை விட்டுப்போய், யார் வேண்டுமானாலும் எந்தத் தேய்ந்த பிரதியிலிருந்தும் டிஸ்க் போடலாம் என்று இருந்தது. 1996-ல் சட்டத்தால் உரிமை திரும்பியது, ஆனால் அந்த மங்கலான பிரதிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இப்போது 95 ஆண்டுக் கணக்கில் 'பிளாக்மெயில்' (1929) போன்றவை மறுபடி பொதுவுடைமைக்கு வருகின்றன. ஆகவே புது அலை ஒன்றும் வரும். யாருடைய மறுசீரமைப்பு என்று உறையில் போடாத டிஸ்க்கை விட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | இங்கே வந்த டிஸ்க் | பிரிட்டிஷ் டிஸ்க் | ஸ்ட்ரீமிங் | நூலகம் |
|---|---|---|---|---|
| புகழ்பெற்ற சினிமா | நிறைய | நிறைய | மாறிக்கொண்டே இருக்கும் | நன்று |
| அரிய சினிமா | குறைவு | மிக நன்று | குறைவு | அதிர்ஷ்டம் |
| பழைய டிவி | வெட்டுப்பட்டிருக்கலாம் | முழுமையாக இருக்க வாய்ப்பு அதிகம் | சிலது | பழைய அமெரிக்க டிவிடிகள் |
| சினிமாவின் வேகம் | சரி | ப்ளூரே சரி, டிவிடி 4% வேகம் | பெரும்பாலும் சரி | சரி |
| டேப்பில் எடுத்த டிவி | மாற்றத்தால் தரம் குறையும் | அசல் அசைவு | கலவை | தரம் குறையும் |
| மறைமுகச் செலவு | பழைய பிரதியின் விலை | பிளேயர், தபால், சுங்கம் | சந்தா முடிவதே இல்லை | நேரம் |

## யாருக்கு எது

பட்டியலில் இருப்பது பவல், லீன், ஈலிங் நகைச்சுவை என்று தெரிந்த பெயர்கள் மட்டுமா? இங்கே வந்த ப்ளூரே, பாதி விலை விற்பனையில். பிளேயர் மாற்றும் வேலையே வேண்டாம்.

பத்துக்கு மேல் இங்கே வராத தலைப்புகள் இருக்கின்றனவா? மல்டி ரீஜன் பிளேயர் வாங்கிவிடுங்கள். அச்சில் இல்லாத அமெரிக்க டிஸ்க் மூன்றுக்கு ஆகும் காசில் பிளேயர் வந்துவிடும். காத்திருப்பது சிக்கனம் என்று தோன்றும். ஆனால் நெட்வொர்க் மூடியதற்குப் பிறகு விலை ஏறியதே தவிர இறங்கவில்லை.

சினிமா என்றால் பிரிட்டிஷ் ப்ளூரே, டேப்பில் எடுத்த டிவி நாடகம் என்றால் பிரிட்டிஷ் டிவிடியே போதும், அது அசல் 25 ஃபிரேமில்தான் இருக்கும், வேகப் பிரச்சினை அங்கே எழாது. சினிமா பிரிட்டிஷ் டிவிடியாக மட்டும் கிடைத்தால், இசைக்கு முக்கியத்துவம் உள்ள படத்தைத் தவிர மற்றதை வாங்கலாம்.

வயதான பெற்றோர் கூட இருந்து பார்ப்பதாக இருந்தால் ஸ்ட்ரீமிங். எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ளலாம், டிஸ்க் மாற்ற எழுந்திருக்க வேண்டாம். ஒரே மாதத்தில் இரண்டு சந்தா கட்டாமல், பிரிட்பாக்ஸ் இரண்டு மாதம், பிறகு அதை நிறுத்திவிட்டு க்ரைடீரியன் சானல் இரண்டு மாதம் என்று மாற்றிப் போட்டால் செலவு பாதியாகும்.

ஒரே ஒரு தொடருக்காக இவ்வளவும் யோசிக்கிறீர்கள் என்றால் முதலில் நூலகத்தில் தேடுங்கள். அங்கே இருப்பது அமெரிக்கப் பதிப்பாக இருக்கும், எத்தனை பகுதி என்பதை மட்டும் உறையில் பார்த்துவிட்டு எடுத்து வாருங்கள்.